விட்ட இடத்துக்குத் திரும்பிய பாட்டி

1954-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மேய்ன் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. அங்குள்ள அடர்ந்த காட்டில், ரெயின்போ என்னும் ஏரிக்கு அருகே, 66 வயது மூதாட்டி ஒருவர் வழி தவறி நின்றார். கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியைத் தெரியாமல் மிதித்து உடைத்துவிட்டார். அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி மாட்டிக்கொண்டிருந்தார். பையில் இருந்த ஆகாரம் தீர்ந்துவிட்டது. பூச்சிகள் மொய்த்துக் கடித்தன. வழிகாட்டுவதற்காக மரங்களில் பூசியிருந்த வெள்ளை வர்ணக் குறிகள் கண்ணில் படவே இல்லை.

கடைசியில் காட்டிலாகா சிப்பந்திகளிடம் வந்து சேர்ந்தார். அவர்கள் பாட்டியின் கோலத்தைப் பார்த்தார்கள். இது உங்கள் வயதுக்கு ஏற்ற காரியம் அல்ல, ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். பாட்டியும் திரும்பிவிட்டார். 2,000 மைலுக்கு மேல் நடக்க வந்தவர், முதல் கட்டத்திலேயே தோற்றுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் அந்த அம்மாளின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. மறு வருஷம் அவர் மறுபடியும் வந்தார். அதனால்தான் அமெரிக்க மக்கள் இன்றும் அவரைக் கேட்வுட் பாட்டி என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

பதினைந்து பேரில் ஒருத்தி

எம்மா ரொவீனா கால்ட்வெல், 1887-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி ஒஹையோ ராஜ்யத்தின் காலியா ஜில்லாவில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். தகப்பனார் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தவர். வீட்டில் 15 குழந்தைகள். ஒரே கட்டிலில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு தூங்குவார்களாம்.

எம்மாவின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. படிக்கும் ஆசை மட்டும் நிற்கவில்லை. கலைக்களஞ்சியத்தை எடுத்துவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படிப்பார். கவிதையும் எழுதுவார். காட்டில் எந்தக் கீரையைத் தின்னலாம், எந்த இலை எந்த நோய்க்கு ஆகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

1907-ம் ஆண்டு, 19-ம் வயதில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பெர்ரி கேட்வுட், படித்தவர், பள்ளி ஆசிரியர். பிற்பாடு புகையிலை சாகுபடியில் இறங்கினார். ஊரார் கண்ணுக்கு நல்ல சம்பந்தமாகத்தான் பட்டது.

வீட்டுக்குள் நடந்ததோ வேறு. வேலி கட்டுவது, சிமெண்டு குழைப்பது, புகையிலை நாற்றங்காலைத் தீயிட்டுப் பண்படுத்துவது என்று வந்த நாளிலிருந்தே ஆள் வேலையெல்லாம் எம்மாவின் தலையில் விழுந்தது. சில மாதங்களில் அடியும் ஆரம்பித்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பதினொன்று பிறந்தன. அடி மட்டும் ஓயவில்லை. பல் உடைந்தது. விலா எலும்பில் விரிசல் கண்டது. பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தள்ளிவிடுவதாகவும் கணவர் பயமுறுத்தினார்.

அந்த நாட்களில் எம்மா அம்மாளுக்கு ஒரே புகலிடம் காடு. வீட்டில் புயல் வீசும்போது அவர் மரங்களுக்கிடையே போய்விடுவார். அங்கே அவரை அடிக்க ஆள் இல்லை. ஊர் உலகம் பயப்படும் காடு அவருக்குப் பயத்தைத் தரவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது வீடுதான்.

1937-ல் ஒரு முறை, கலிபோர்னியாவில் இருந்த உறவினரிடம் போய்விட்டார். கையில் பணம் இல்லாததால், 9 வயதும் 11 வயதும் ஆன இரண்டு பெண்களையும் கூட அழைத்துப் போக முடியவில்லை. பெற்ற மனம் கேட்குமா? திரும்பி வந்தார். பழைய கதையே தொடர்ந்தது.

1939-ல் நடந்த சம்பவம்தான் விசித்திரம். கணவர் அடித்த அடியில் அம்மாளின் முகம் கன்றிப் போயிருந்தது. ஆத்திரத்தில் மாவு மூட்டையைத் தூக்கி அவர் மீது எறிந்தார். வந்த போலீசார் கைது செய்தது யாரை? அடித்தவரை அல்ல, அடிபட்டவரை! உடைந்த பற்களோடு காவலில் இருந்தவரைப் பார்த்த ஊர் மேயர் மனமிரங்கினார். அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்.

1941-ல் விவாகரத்து கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்த துன்பம் முடிந்தது. மிச்சம் இருந்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அனுப்பும் வரை, கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்.

பத்திரிகையில் படித்த பாதை

பிள்ளைகள் அனைவரும் தம்தம் குடும்பத்தோடு போன பிறகு, நேஷனல் ஜியாகிரபிக் என்னும் மாத இதழின் 1949-ம் வருஷத்துப் பழைய பிரதி ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதில் அப்பலேச்சியன் நடைபாதையைப் பற்றி வர்ணப் படங்களோடு ஒரு கட்டுரை வந்திருந்தது.

இந்தப் பாதையைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெற்கு வடக்காக ஓடும் மலைத் தொடருக்கு அப்பலேச்சியன் என்று பெயர். அந்த மலைகளின் முதுகின் மேலேயே, ஜார்ஜியா ராஜ்யத்திலிருந்து மேய்ன் ராஜ்யம் வரை 14 ராஜ்யங்களைக் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதை அது. பெண்டன் மக்கே என்பவர் 1921-ல் இந்த யோசனையைச் சொன்னார். 1937-ல் பாதை முழுமை பெற்றது. தொண்டர் சங்கங்களே பெரும்பாலும் மரம் வெட்டி, கல் புரட்டி, வழி உண்டாக்கின. அந்தக் காலத்தில் அதன் நீளம் 2,050 மைல். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தைவிட அதிகம்.

போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாபர் என்ற வாலிபர், 1948-ல் ஒரே பயணமாக முழுப் பாதையையும் நடந்து முடித்தார். ஆண்கள் செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது என்று எம்மா அம்மாள் நினைத்தார். சாதாரணத் தேக ஆரோக்கியம் இருந்தால் போதும் என்றும், ஒரு நாள் நடைக்கு ஒரு தங்கும் கொட்டகை உண்டு என்றும் கட்டுரை சொல்லியது. அதை அவர் அப்படியே நம்பிவிட்டார்.

நம்பிக்கொண்டுதான் 1954-ல் வடக்கு முனையான கட்டாடின் மலைக்குப் போனார். சிகரத்தில் ஏறி, அங்கிருந்து தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். என்ன ஆயிற்று என்பதை ஆரம்பத்திலேயே பார்த்தோம்.

உலாவப் போகிறேன்

ஊர் திரும்பிய அம்மாள் அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. மறு வருஷம் திட்டத்தைத் தலைகீழாக மாற்றினார். இம்முறை தெற்கு முனையில் தொடங்கி வடக்கே நடப்பது என்று தீர்மானித்தார். அப்படிச் செய்தால், தம்மைத் திருப்பி அனுப்பிய மேய்ன் காடு கடைசியாக வரும். அங்கே போய்ச் சேரும்போது கால்கள் பழகியிருக்கும்.

1955-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி, ஜார்ஜியாவிலுள்ள ஓகல்தார்ப் மலையிலிருந்து புறப்பட்டார். பாதையின் தெற்கு முனை அப்போது அதுதான். பிற்பாடு 1958-ல் அது ஸ்பிரிங்கர் மலைக்கு மாற்றப்பட்டது. பிள்ளைகளிடம் சற்று உலாவப் போவதாகத் தெரிவித்தாரே தவிர, எங்கே, எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. சொன்னால் போக விடுவார்களா? அப்போது அவருக்கு 67 வயது. பேரப் பிள்ளைகள் 23 பேர்.

மலை ஏறுகிறவர்கள் கூடாரம், படுக்கைப் பை, பெரிய பூட்சு, தேசப்படம் என்று மூட்டை மூட்டையாகச் சுமப்பார்கள். பாட்டியிடம் இருந்தது தம் கையால் தைத்த ஒரு துணிப் பை. அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். ஒரு கம்பளி, ஒரு மழைக் கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. மழை வந்தால் அந்தத் திரைதான் கூரை. காலில் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஜோடு. ஆகாரம் நிலக்கடலை, உலர்ந்த திராட்சை, பால் பவுடர், டின்னில் அடைத்த சிறு இறைச்சித் துண்டுகள். மொத்தச் சுமை 20 பவுண்டுக்கும் குறைவு. மற்றதைக் காடு கொடுத்தது. வழியில் தென்பட்ட பழங்களையும் கீரைகளையும் பறித்துத் தின்றார். சிறு வயதில் கற்ற பாடம் வீண் போகவில்லை.

கொட்டகை கிடைத்த இடத்தில் கொட்டகை; கிடைக்காத இடத்தில் சருகுக் குவியலே மெத்தை. குளிர் அதிகமானால் கற்களை நெருப்பில் காய்ச்சி அவற்றின் மேல் படுத்துக்கொள்வார். அருகே வீடுகள் தென்பட்டால் போய்க் கதவைத் தட்டுவார். பலர் சோறும் படுக்கையும் கொடுத்து உபசரித்தார்கள். சிலர் யாரோ நாடோடி என்று கதவைச் சாத்தினார்கள். பாட்டி இரண்டுக்கும் கலங்காமல் மறுநாள் காலை நடையைக் கட்டினார்.

பாதையும் கட்டுரையில் படித்த மாதிரி இல்லை. விழுந்த மரங்கள் குறுக்கே கிடந்தன. குறிகள் அழிந்திருந்தன. புதர் மண்டிய இடங்களும், இடிந்து எரிந்துபோன கொட்டகைகளும் இருந்தன. வாலில் கிலுகிலுப்பை ஒலிக்கும் விஷப் பாம்புகளைக் கைத்தடியால் சமாளித்தார். இவ்வளவு கஷ்டம் என்று முன்பே தெரிந்திருந்தால் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். தொடங்கிய பிறகு விடுவதாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நிருபர்கள் வந்தார்கள்

வர்ஜீனியா ராஜ்யத்தை அடைந்தபோது விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. தனியாக ஒரு கிழவி மலை மலையாக நடந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. தாயார் எங்கே உலாவுகிறார் என்று பிள்ளைகளும் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். போகும் வழியெல்லாம் நிருபர்கள் காத்திருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேடட் என்ற பெரிய பத்திரிகையும் அவரைப் பற்றி எழுதியது.

நிருபர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். பிள்ளைகளைப் பற்றியும் பேரர்களைப் பற்றியும் சந்தோஷமாகச் சொல்வார். கணவரைப் பற்றிக் கேட்டால் தாம் ஒரு விதவை என்று சொல்லி முடித்துவிடுவார். உண்மையில் பெர்ரி கேட்வுட் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்தப் பொய்க்குள் முப்பது வருஷ வேதனை ஒளிந்திருந்தது என்பது நிருபர்களுக்கு எப்படித் தெரியும்? அது விரிவாக வெளிவந்தது அவர் மறைந்து பல்லாண்டு கழித்து, 2014-ல் பென் மாண்ட்கமரி என்ற பத்திரிகையாளர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான்.

புயலும் வெள்ளமும்

அந்த ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரையை கானி, டயான் என்ற இரண்டு புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. டயான் புயலின் வெள்ளத்தில் மட்டும் 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாட்டி அப்போது வடக்கு ராஜ்யங்களில் நடந்துகொண்டிருந்தார். பாதையே ஓடையாக மாறியிருந்தது. சாதாரணமாகத் தாண்டக்கூடிய ஓடைகள் ஆறுகளாகப் பெருகின.

வெர்மாண்ட் ராஜ்யத்தில் கிளாரண்டன் என்னும் மலை இடுக்கில் ஓடும் ஆற்றுக்கு வந்தபோது கடக்க வழியே இல்லை. நல்ல வேளையாக, கடற்படையைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அதே பாதையில் வந்தார்கள். பாட்டியையும் தங்களையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, பாட்டியை நடுவில் விட்டு, பெருக்கைக் கடந்து அக்கரை சேர்த்தார்கள். நனைந்த துணியோடு பாட்டி மேலே நடந்தார்.

அதே ஏரி, அதே காடு

செப்டம்பர் மாதம் மேய்ன் ராஜ்யத்துக்குள் நுழைந்தார். கட்டாடினுக்கு முந்திய ஏறத்தாழ 100 மைல், பாதையிலேயே ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த பகுதி. சாமான் வாங்கக் கடை கண்ணி கிடையாது. எங்கே பார்த்தாலும் காடும் ஏரியும்தான்.

சோதனையும் விடவில்லை. கால் சுளுக்கிக்கொண்டது. போன வருஷத்தைப் போலவே இந்த வருஷமும் மூக்குக் கண்ணாடி உடைந்தது. உடம்பு 30 பவுண்டு இளைத்திருந்தது. மங்கிய கண்ணும், வீங்கிய காலும், காலி வயிறுமாக அவர் போய்ச் சேர்ந்த பகுதி எது தெரியுமா? 14 மாதங்களுக்கு முன் வழி தவறி நின்ற அந்த ஏரிக் காடுதான்.

அன்றைக்கு இருந்த கஷ்டங்களெல்லாம் இன்றைக்கும் இருந்தன. ஆனால் அன்று வந்தவர், வீட்டிலிருந்து நேரே காட்டுக்குள் கால் வைத்தவர். இன்று வந்தவரோ 13 ராஜ்யங்களை நடந்தே கடந்தவர். எந்தப் பாறையில் கால் வைக்கலாம், எந்தக் குறியை எங்கே தேடலாம் என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பு விட்டுப் போன இடத்தை இந்தத் தடவை நிற்காமல் கடந்தார்.

1955-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி. கட்டாடின் சிகரத்தின் உயரம் 5,267 அடி. குளிர்காற்று சுழற்றி அடித்தது. பையிலிருந்த உடைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பாட்டி தனியாக மேலே ஏறினார். உச்சியில் நின்று ஒரு தேசபக்திப் பாடலின் முதல் அடிகளைப் பாடினார். கேட்க ஆள் இல்லை. நடையைத் தொடங்கி 146 நாட்கள் ஆகியிருந்தன. சராசரியாக நாளொன்றுக்கு 14 மைல். தனியாக, ஒரே பயணத்தில், அந்தப் பாதையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்த முதல் பெண்மணி அவர்தான்.

பார்க்காமல் விட்டவை

ஊரெங்கும் பாராட்டு. டெலிவிஷனில் தோன்றினார். பாட்டி புகழுரையோடு நிற்கவில்லை. பாதை கிடக்கும் கேட்டைப் பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சு பாதையின் மேல் ஜனங்களின் கவனத்தைத் திருப்பியது. ஒரு கிழவி நடந்த வழியில் நாமும் நடக்கலாமே என்று ஆயிரமாயிரம் பேருக்குத் தோன்றியது. 1968-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தால் அது தேசிய நடைபாதையாகப் பாதுகாப்புப் பெற்றது.

1957-ல், 69-ம் வயதில், பாட்டி இரண்டாம் முறையும் முழுப் பாதையை நடந்தார். எதற்கு மறுபடியும் என்று கேட்டவர்களுக்கு, முதல் தடவை பார்க்காமல் விட்டுப்போன சிலவற்றைப் பார்க்க என்று பதில் சொன்னார். ஒரே மூச்சில் நடக்கும் அந்தப் பயணத்தை இரண்டு முறை முடித்தவர் ஆண்களிலும் அதுவரை இல்லை. 1959-ல், ஆரிகன் ராஜ்யத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, முன்னோர்கள் மாட்டு வண்டியில் போன வழியாக மிசௌரியிலிருந்து போர்ட்லண்டு நகர் வரை ஏறக்குறைய 2,000 மைலை 95 நாட்களில் நடந்தார்.

மூன்றாம் முறை அப்பலேச்சியன் பாதையை அவர் ஒரே மூச்சில் நடக்கவில்லை. வயது ஏறிவிட்டது. ஒரு கோடையில் சில மைல், இன்னொரு கோடையில் சில மைல் என்று பகுதி பகுதியாக நடந்தார். எந்த இடத்தில் நிறுத்தினாரோ அங்கிருந்து மறுபடி பிடித்தார். 1964-ல் கடைசித் துண்டும் முடிந்தது. அப்போது அவருக்கு 75 வயதைத் தாண்டியிருந்தது. மூன்று முறை அந்தப் பாதையை முடித்த முதல் மனிதர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது.

இந்தப் பகுதி நடைக்கும் அங்கே முழு மதிப்பு உண்டு. ஒரே பருவத்தில் முடித்தவரானாலும், இருபது வருஷமாகத் துண்டு துண்டாக நடந்து முடித்தவரானாலும், பாதையைப் பராமரிக்கும் சங்கம் இருவரையும் ஒரே பட்டியலில்தான் சேர்க்கிறது. உத்தியோகம், நோய், குடும்பம் என்று எதனாலோ ஒரு பகுதியை விட்டுச் சென்றவர்கள், அந்தச் சில மைல்களை நடப்பதற்காகவே பல நூறு மைல் பிரயாணம் செய்து வருகிறார்கள். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்கப் புறப்படுகிறவர்களில் நாலில் ஒருவரே முடிக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கேட்வுட் பாட்டியின் கதைதான் ஆறுதல்.

கடைசி நாட்கள்

பாட்டி தம் சொந்த ஒஹையோவிலும் பக்கை நடைபாதை உருவாகப் பாடுபட்டார். குளிர்காலத்தில் ஹாக்கிங் மலைப் பகுதியில் ஆண்டுதோறும் நடக்கும் ஆறு மைல் நடைக்குப் பல முறை தலைமை தாங்கினார். அந்தப் பாதைக்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

1973-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி, 85-ம் வயதில், தாம் பிறந்த அதே காலியா ஜில்லாவில் காலமானார். 2012-ல் அப்பலேச்சியன் பாதையின் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவருடைய சமாதிக் கல்லில் சாதனைப் பட்டியல் எதுவும் இல்லை. பெயரும், அதோடு பாட்டி என்ற ஒரு சொல்லும்தான்.

1954-ல் அவரைத் திருப்பி அனுப்பிய சிப்பந்திகள் மீது நாம் குற்றம் சொல்ல முடியாது. உடைந்த கண்ணாடியும் காலிப் பையுமாக நின்ற கிழவிக்கு அவர்கள் நல்ல யோசனைதான் சொன்னார்கள். அந்த யோசனையை ஏற்றுத் திரும்பியதிலும் கேவலம் இல்லை. திரும்பாமல் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தக் காட்டோடு கதை முடிந்திருக்கும். பாட்டி வீட்டுக்குப் போனார். பத்து மாதம் காத்திருந்தார். வேறு முனையிலிருந்து புறப்பட்டு, விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

நம் ஒவ்வொருவருக்கும் பாதியில் விட்ட ஒரு வழி இருக்கும். ஒருவருக்குப் படிப்பு, ஒருவருக்குத் தொழில், இன்னொருவருக்கு முறிந்துபோன ஓர் உறவு. அந்த இடம் எங்கும் ஓடிவிடவில்லை. ரெயின்போ ஏரி போல அங்கேயேதான் இருக்கிறது. நாம்தான் திரும்பிப் போக வேண்டும்.